அளவைகளும் அலகு மாற்றமும்: 6 முதல் 8 வரை, பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

6, 7, 8 வகுப்புகளில் கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகள்கூட அளவைகள் பாடத்தில் தடுமாறுவார்கள். பெருக்கல், வகுத்தல் தெரியாததால் வரும் தடுமாற்றம் இல்லை அது. விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்ற எண்ணமே இல்லாமல் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு குறையைச் சரிசெய்வதைப் பற்றியவைதான்.

பெருக்குவதா, வகுப்பதா என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறான். எப்படிப் புரியவைப்பது?

பெருக்கலையும் வகுத்தலையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் ஒரே ஒரு கேள்வி: "விடையில் வரும் எண் பெரிதாகுமா, சிறிதாகுமா?"

நாலு லிட்டர் குடத்துத் தண்ணீரை 250 மி.லி டம்ளரால் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள். பதினாறு டம்ளர் ஆகும். அதே தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலால் எடுத்தால் நாலு பாட்டில்தான். சின்ன அளவால் அளந்தால் அதிக எண்ணிக்கை வேண்டும், பெரிய அளவால் அளந்தால் குறைவாகப் போதும். இது கையால் ஒருமுறை செய்து பார்த்த பிள்ளைக்கு மறக்காது. 3.5 கி.மீட்டரை மீட்டராக்கு என்றால், மீட்டர் சின்ன அலகு, எண் பெரிதாக வேண்டும், ஆகவே பெருக்கல், 3,500. 640 கிராமைக் கிலோகிராமாக்கு என்றால் எண் சிறிதாக வேண்டும், ஆகவே வகுத்தல், 0.64.

இதற்கென ஒரு பயிற்சி உண்டு. பத்துக் கணக்கு கொடுங்கள், விடை கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பெரிதாகும்' அல்லது 'சிறிதாகும்' என்று மட்டும் எழுதட்டும். ஐந்து நிமிட வேலைதான். ஒரு வாரம் இதைச் செய்துவிட்டு அப்புறம் கணக்குக்கு வந்தால் திசை தவறுவது பெருமளவு குறைந்துவிடும்.

கிலோ, ஹெக்டோ, டெகா என்று அந்த வரிசையை மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

பாடத்தில் இருக்கிறது, தேர்விலும் கேட்கலாம், ஆகவே தெரிந்து வைத்திருக்கட்டும். கடையிலும் வீட்டிலும் புழங்குவது மில்லி, சென்டி, கிலோ மூன்றும்தான். இந்த மூன்றும் கண் மூடிக்கொண்டு வர வேண்டும்: 1,000 மில்லி ஒரு அலகு, 100 சென்டி ஒரு அலகு, 1,000 அலகு ஒரு கிலோ. டெகா, டெசி எல்லாம் நடுவில் உள்ள படிகள். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு என்று தெரிந்தால் போதும்.

3 கிலோ 50 கிராமை 3.5 கிலோ என்று எழுதுகிறாள். எத்தனை முறை திருத்தினாலும் அதேதான்.

நான் பார்த்தவரை இந்தப் பாடத்தில் மிக அதிகமாக வரும் பிழை இதுதான். 3.5 தவறு என்று அடித்துவிட்டு 3.050 என்று எழுதிக் கொடுப்பதால் இது போகாது. புள்ளி என்பது இரண்டு எண்களைப் பிரிக்கும் ஒரு கோடு, இடப்பக்கம் கிலோ, வலப்பக்கம் கிராம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த எண்ணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பணத்திலிருந்து தொடங்குங்கள். 2 ரூபாய் 5 காசை எப்படி எழுதுவாய்? 2.05. ஏன் 2.5 இல்லை? அது 2 ரூபாய் 50 காசு ஆகிவிடும். சரி, ரூபாய்க்கு 100 காசு, ஆகவே புள்ளிக்குப் பின் இரண்டு இடம். மீட்டருக்கு 100 செ.மீ, அங்கேயும் இரண்டு இடம்: 2 மீ 5 செ.மீ என்றால் 2.05 மீ. கிலோவுக்கு 1,000 கிராம், ஆகவே மூன்று இடம்: 50 கிராம் என்பது 050. 3 கிலோ 50 கிராம் என்றால் 3.050.

அடுத்து எதிர்த்திசையில் கேளுங்கள். 3.5 கிலோ என்றால் எத்தனை கிராம்? 3,500. அப்படியானால் 3 கிலோவுக்கு மேல் எத்தனை கிராம் இருக்கிறது? 500. நீ எழுத நினைத்தது 50 தானே? தானே கண்டுபிடித்தால் அந்தப் பிழை திரும்ப வருவது அரிது. 3.05, 3.050, 3.5, 3.005 நான்கையும் கொடுத்து ஏறுவரிசையில் அடுக்கச் சொல்வதும் நல்ல சோதனை. 3.05-ம் 3.050-ம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

ஸ்கேல் வைத்து அளப்பதிலேயே தவறு வருகிறதே?

முனை உடைந்த ஸ்கேல் ஒன்று இருந்தால் தூக்கி எறியாதீர்கள், அதைவிட நல்ல கருவி கிடையாது. பென்சிலை 3-லிருந்து 11 வரை வைத்து நீளம் கேளுங்கள். 11 என்பார்கள் சிலர். கோடுகளை எண்ணி 9 என்பார்கள் சிலர். நாம் எண்ண வேண்டியது கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை. எட்டு இடைவெளி, 8 செ.மீ. சில ஸ்கேல்களில் 0 கோடு ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். அதையும் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

உத்தேசமாகச் சொல்லப் பழக்குவது எப்படி?

மனதில் சில நிலையான அளவுகள் வேண்டும். வீட்டிலேயே நிறைய இருக்கின்றன. அரை லிட்டர் பால் பாக்கெட், 20 லிட்டர் தண்ணீர் கேன், 50 கிலோ சிமென்ட் மூட்டை. வீட்டு உபயோகக் காஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டச் சொல்லலாம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. முதலில் கண்ணால் பார்த்துச் சொல்லி, பிறகு அளந்து பார்க்க அது வசதி.

எனக்கு மிகவும் பிடித்தது ஏ4 தாள். நீளம் 297 மி.மீ, அகலம் 210 மி.மீ. பதினாறு தாளைச் சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட சரியாக ஒரு சதுர மீட்டர். தாள் கட்டின் மேல் '75 ஜி.எஸ்.எம்' என்று இருக்கும்; ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 75 கிராம் என்று பொருள். 500 தாள் கொண்ட ஒரு கட்டு எவ்வளவு எடை இருக்கும்? 500-ஐ 16-ஆல் வகுத்தால் 31.25 ச.மீ. அதை 75-ஆல் பெருக்கினால் சுமார் 2,344 கிராம், அதாவது 2.34 கிலோ. பிறகு கட்டைத் தராசில் வையுங்கள். உறையின் எடை சேர்ந்து சற்றே கூடுதலாகக் காட்டும். கணக்கில் வந்த எண் தராசில் தெரியும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர சென்டிமீட்டர் என்றே எழுதுகிறார்கள். ஏன்?

மீட்டருக்கு 100 செ.மீ என்று நன்றாக மனப்பாடம் ஆகியிருப்பதால்தான். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போடுங்கள். ஒரு ஓரத்தில் ஒரு செ.மீ சதுரங்களை வரிசையாக அடுக்கினால் 100 வரும். அப்படி எத்தனை வரிசை? இன்னொரு 100. ஆக 10,000. கட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் 100 என்று சொல்லமாட்டார்கள்.

கன அளவிலும் இப்படியே. ஒரு கன மீட்டருக்கு 100 × 100 × 100, பத்து லட்சம் கன செ.மீ. ஒரு கன செ.மீ என்பது ஒரு மி.லி, ஆகவே ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். மாடியில் உள்ள ஆயிரம் லிட்டர் தொட்டியைக் காட்டி இதைச் சொன்னால் எளிதில் பதியும்.

மழைக்கணக்கை விட்டுவிடாதீர்கள். ஒரு மி.மீ மழை ஒரு சதுர மீட்டர் இடத்தில் பெய்தால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். (ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பு, 0.001 மீட்டர் உயரம், பெருக்கிப் பாருங்கள்.) 1,000 சதுர அடி மொட்டைமாடி சுமார் 93 சதுர மீட்டர். செய்தியில் 5 செ.மீ மழை என்றால் 50 மி.மீ. 93 × 50 = 4,650 லிட்டர். ஒரே மழையில் ஒரு வீட்டு மாடியில் இவ்வளவு விழுகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் காரணம் பிள்ளைக்கு இந்த ஒரு பெருக்கலிலேயே விளங்கிவிடும்.

செய்தியில் வரும் 'டி.எம்.சி', 'கன அடி' எல்லாம் இந்த வயதில் புரியுமா?

8-ஆம் வகுப்புக்குத் தாராளமாகப் புரியும். ஒரு டி.எம்.சி என்றால் நூறு கோடி கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். மேட்டூர் அணை 120 அடிக்கு நிரம்பினால் அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. அணையிலிருந்து வினாடிக்கு 12,000 கன அடி திறந்துவிடுகிறார்கள் என்று செய்தி வருகிறது. ஒரு நாளில் எவ்வளவு போகும்? நாளைக்கு 86,400 வினாடி. 12,000 × 86,400 = 103 கோடியே 68 லட்சம் கன அடி, அதாவது ஒரு டி.எம்.சிக்குச் சற்று மேல். உள்ளே ஒரு சொட்டும் வராமல் இதே அளவில் திறந்துகொண்டே இருந்தால் நிரம்பிய அணை ஏறத்தாழ 90 நாளில் தீர்ந்துவிடும் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

சென்ட், கிரவுண்ட், ஏக்கர்?

பாடத்தில் இல்லாவிட்டாலும் வீட்டில் பேசுகிறோமே. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர், 43,560 சதுர அடி. சென்னைப் பக்கம் சொல்லும் கிரவுண்ட் 2,400 சதுர அடி, சுமார் ஐந்தரை சென்ட். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 ஏக்கர். சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 10.764-ஆல் பெருக்க வேண்டும். வீட்டுப் பத்திரமோ பட்டாவோ இருந்தால் அதில் உள்ள எண்ணையே மாற்றிப் பார்க்கலாம்.

ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்கிறான். சரிதானா?

தண்ணீருக்குச் சரி. மற்றவற்றுக்கு அப்படி இல்லை. சமையல் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக் காட்டுங்கள்: ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும். லிட்டர் என்பது எவ்வளவு இடம் அடைக்கிறது என்பது, கிலோ என்பது எவ்வளவு நிறை என்பது. லிட்டர் 182 ரூபாய்க்கு ஒரு கடை, கிலோ 195 ரூபாய்க்கு ஒரு கடை, எது மலிவு? 182-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோ 200 ரூபாய். இரண்டாவது கடைதான் மலிவு. இந்த ஒரு கணக்கு பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க உதவும்.

நேரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு தப்பு?

மற்ற எல்லாமே பத்தால், நேரம் மட்டும் அறுபதால். 2.25 மணி நேரம் என்றால் 2 மணி 25 நிமிடம் இல்லை, 2 மணி 15 நிமிடம். 1.5 மணி நேரம் ஒன்றரை மணி. கடிகார நேரத்தை 9.40 என்று புள்ளி வைத்து எழுதும் வழக்கமும் குழப்பத்தைக் கூட்டுகிறது. பயிற்சி நோட்டில் 9:40 என்று எழுதச் சொல்லுங்கள்.

கழித்தலுக்குப் பதிலாகத் தாண்டித் தாண்டிப் போவது எளிது. 9:40-க்குக் கிளம்பிய பஸ் 1:15-க்குச் சேர்ந்தது. 10:00-க்கு 20 நிமிடம், அங்கிருந்து 1:00-க்கு 3 மணி, இன்னும் 15 நிமிடம். மொத்தம் 3 மணி 35 நிமிடம்.

வேகத்துக்கு வந்தால், மணிக்குக் கி.மீ என்பதை வினாடிக்கு மீட்டராக்க 5/18-ஆல் பெருக்கு என்று சொல்லிக்கொடுப்பார்கள். 1,000-ஐ 3,600-ஆல் வகுத்துச் சுருக்கியதுதான் அது. ஒருமுறை சுருக்கிக் காட்டிவிடுங்கள். மணிக்கு 36 கி.மீ என்றால் வினாடிக்கு 10 மீட்டர் என்பதை மட்டும் நினைவில் வைத்தால், 18-ம் 72-ம் தானாக வந்துவிடும்.

காய்ச்சலைச் சிலர் 100 என்கிறார்கள், சிலர் 38 என்கிறார்கள்.

முன்னது ஃபாரன்ஹீட், பின்னது செல்சியஸ். ஃபாரன்ஹீட்டிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். 98.6 என்பது 37. 100 என்பது 37.8. இரண்டிலும் பூச்சியம் வேறு வேறு இடத்தில் இருப்பதால் இங்கே பெருக்கல் மட்டும் போதாது, கழித்தலும் வருகிறது.

அலகு தவறினால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதானே என்கிறான் என் மகன்.

அவனுக்கு 1983-ல் கனடாவில் நடந்ததைச் சொல்லுங்கள். கனடா அப்போது பவுண்டிலிருந்து கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானங்கள் கிலோ கணக்கில் ஓடின. அந்த ஜூலை 23 அன்று மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் போகவிருந்த விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. ஆகவே தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று குச்சியால் அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ.

லிட்டரைக் கிலோவாக்க அவர்கள் 1.77-ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளுக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்கு 0.8 அளவில் இருந்திருக்க வேண்டும். பிள்ளையைக் கூடவே போடச் சொல்லுங்கள்:

7,682 × 1.77 = 13,597. அவர்கள் இதைக் கிலோ என்று நினைத்தார்கள்.
22,300 − 13,597 = 8,703.
8,703 ÷ 1.77 = சுமார் 4,917 லிட்டர். இவ்வளவுதான் நிரப்பினார்கள்.

இனி 0.8 வைத்துப் போடட்டும். கையில் இருந்தது சுமார் 6,146 கிலோ. இன்னும் 16,154 கிலோ தேவை. அது சுமார் 20,000 லிட்டர். நிரப்பியது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றன. விமானிகள் அதைச் சறுக்கியபடியே கொண்டுவந்து, கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். உள்ளே இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

இந்தக் கணக்கில் பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தலும் சரி. ஒரு லிட்டர் எரிபொருள் 1.77 கிலோ இருக்குமா என்று யாராவது நின்று யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோதான். தண்ணீரில் மிதக்கிற எரிபொருள் அதைவிடக் கனமாக இருக்க முடியாது. வகுப்பில் இதைச் செய்துகாட்டிய பிறகு, விடையில் அலகு எழுது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

படி, மரக்கால் போன்ற பழைய அளவுகளைச் சொல்லிக் குழப்ப வேண்டுமா?

குழப்பாது, உதவும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு கலத்துக்கு எத்தனை படி என்று கேளுங்கள்: 96. எத்தனை ஆழாக்கு? 768. இப்போது ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். பத்தின் மடங்குகள் எவ்வளவு சுகம் என்று அவர்களே சொல்வார்கள். போதாததற்கு, படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்றுதான் 1956-ல் இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்குப் பதினாறு அணா போய், நூறு காசு வந்தது. தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பழைய படி ஒன்று பரணில் கிடந்தால் அதில் அரிசியையும் அவலையும் தனித்தனியாக அளந்து நிறுத்துப் பார்க்கலாம், லிட்டருக்கும் கிலோவுக்கும் உள்ள வேறுபாடு இன்னொரு முறை கண்ணுக்குத் தெரியும்.

கைபேசியில் தட்டினால் மாற்றித் தருகிறதே. இத்தனை பாடு எதற்கு?

கைபேசி மாற்றித் தரும், தட்டிய எண் தவறா என்று சொல்லாது. பயன்படுத்தட்டும், ஒரு நிபந்தனையோடு: தட்டுவதற்கு முன் உத்தேச விடையை நோட்டில் எழுத வேண்டும். இரண்டும் மிகவும் விலகியிருந்தால் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு பயிற்சி போதும்?

ஐந்து கணக்கு போதும், தினமும் இருந்தால். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது கணக்கு போடவைப்பதில் பலன் குறைவு. ஒரே வகையாகப் பத்து கொடுப்பதைவிட நீளம், நிறை, நேரம் என்று கலந்து கொடுங்கள். எந்த வழியில் போக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டி வரும்.

தொடங்குவதற்குச் சில கணக்குகள் தர முடியுமா?

1. 2 கிலோ 75 கிராமும் 1 கிலோ 950 கிராமும் சேர்ந்தால் எத்தனை கிலோ?
2. 20 லிட்டர் கேனிலிருந்து 350 மி.லி பாட்டில்களை நிரப்பினால் எத்தனை பாட்டில் முழுதாக நிரம்பும்? மீதி எவ்வளவு?
3. ஒரு கஜம் 0.9144 மீட்டர். ஒன்பது கஜப் புடவை எத்தனை மீட்டர்?
4. 20 அடி நீளம், 18 அடி அகலம் உள்ள வகுப்பறையின் பரப்பு எத்தனை சதுர மீட்டர்?
5. மணிக்கு 54 கி.மீ வேகம், வினாடிக்கு எத்தனை மீட்டர்?
6. தொட்டி ஒன்றின் நீளம் 1.2 மீ, அகலம் 1 மீ, உயரம் 90 செ.மீ. நிமிடத்துக்கு 15 லிட்டர் விழுந்தால் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?

விடைகள்: (1) 4.025 கிலோ. (2) 57 பாட்டில், மீதி 50 மி.லி. (3) சுமார் 8.23 மீ. (4) சுமார் 33.4 ச.மீ. (5) 15 மீ. (6) 1,080 லிட்டர், 72 நிமிடம், அதாவது 1 மணி 12 நிமிடம். ஆறாவதில் 1.2 மணி என்று எழுதினாலும் சரிதான். 1 மணி 20 நிமிடம் என்று எழுதினால் நேரம் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போகவும்.